குரோமோசோம் மேல் போடும் பழி

டவுன் சிண்ட்ரோம் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் போய்விடுகிறது. 'பாவம்' என்று இரங்குவது ஒன்று; 'தெய்வக் குழந்தை, சூதுவாது தெரியாது' என்று மெச்சுவது இன்னொன்று. இரண்டையும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரங்குகிறவரும் சரி, மெச்சுகிறவரும் சரி, அந்தக் குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கிறதா, தைராய்டு பார்த்தாயிற்றா, இதயத்துக்கு எக்கோ எடுத்தாயிற்றா என்று கேட்பதில்லை. இன்றைய சொற்பொழிவில் நான் நிறுவ முயல்வது இதுதான்: டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் ஆயுளைப் பறிப்பதிலும் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துவதிலும், அதோடு சேர்ந்து வரும் மற்ற நோய்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. இருந்தும் கிடைக்காமல் போகிறது. குழந்தை சோர்ந்து கிடந்தாலும், பேச்சு வராவிட்டாலும், எடை ஏறாவிட்டாலும் 'இந்தக் குழந்தைகள் அப்படித்தான்' என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த வழக்கத்தைத்தான் முதல் தடையாக நான் கருதுகிறேன். அதை மாற்ற நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம், நம் புறநகரான தாம்பரத்திலிருந்தே தொடங்கலாம் என்பது என் வாதத்தின் அடுத்த பகுதி.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் எர்ல்ஸ்வுட் காப்பகத்தின் மருத்துவராக இருந்த ஜான் லாங்டன் டவுன் 1866-இல் இந்த நிலையை விவரித்து எழுதினார். முகச்சாயலைப் பார்த்து அதற்கு ஓர் இனத்தின் பெயரை அவர் சூட்டியது அந்தக் காலத்து இனப்பாகுபாட்டின் விளைவு. மங்கோலியா ஆட்சேபித்த பிறகு 1965-இல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெயரைக் கைவிட்டது. நாமும் பேச்சுவழக்கில்கூட அதை விட்டுவிட வேண்டும். 1959-இல் பாரிஸில் ழெரோம் லெழூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பன் ஆகிய மூவரும் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்று வெளியிட்டார்கள். நூற்றில் 95 பேருக்கு எல்லாச் செல்களிலும் கூடுதலாக ஒரு முழுக் குரோமோசோம் தனியாக இருக்கும். மூன்று நான்கு பேருக்கு அந்தக் கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மீதிச் சிலருக்குச் சில செல்களில் மட்டும் கூடுதல் இருக்கும். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடுகிறதே, எதற்குக் குரோமோசோம் பரிசோதனை என்று கேட்பவர்களுக்கு இரண்டாவது வகைதான் பதில். அந்த வகையில் பெற்றோரில் ஒருவர் தமக்கு எந்தக் குறையும் இல்லாமலே அதைச் சுமப்பவராக இருக்கக்கூடும். அப்படியிருந்தால் அடுத்த கர்ப்பத்தில் அது மறுபடி வரும் வாய்ப்பு மற்ற வகைகளைவிட அதிகம்.

காரணம் பற்றி நம் வீடுகளில் நடக்கும் விசாரணை பெரும்பாலும் தாயின் மேல் தீர்ப்பாக முடிகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததால் வந்தது, வயது கடந்து பெற்றாள் என்றெல்லாம் சொல்வார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது வேறு சில மரபு நோய்களின் வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. அவை ஒரே பழுதான மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் வந்து சேரும் நோய்கள். டவுன் சிண்ட்ரோமோ, பெரும்பாலும் சினைமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவதால் வருவது; யாரை மணந்தோம் என்பது அந்தப் பிரிவை மாற்றுவதில்லை. வயதுக் கணக்கில் ஓரளவு உண்மை உண்டு. 20 வயதுத் தாய்க்குச் சுமார் 1500 பிறப்புகளில் ஒன்று, 35 வயதில் சுமார் 350-இல் ஒன்று, 40 வயதில் சுமார் 100-இல் ஒன்று என்று வாய்ப்பு ஏறுகிறது. ஆனாலும் பிள்ளை பெறுபவர்களில் பெரும்பாலோர் இளவயதினர் என்பதால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குக் குறைந்த தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள். பிரசவ வார்டில் ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி, இது அவள் செய்த எதனாலும் வந்ததில்லை என்பதே.

இனி முக்கியமான சான்றுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1983 முதல் 1997 வரை இறப்புச் சான்றிதழ்களில் டவுன் சிண்ட்ரோம் குறிக்கப்பட்டிருந்த 17,897 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2002-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 1983-இல் இறந்தவர்களின் இடைநிலை வயது 25. 1997-இல் அது 49. பதினான்கு ஆண்டுகளில் 21-ஆம் குரோமோசோம் மாறிவிடவில்லை. குழந்தைகளுக்கு இதய அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்கள். காப்பகங்களில் கொண்டுபோய் விடுவது குறைந்து குடும்பத்தில் வளர்ந்தார்கள். நிமோனியா வந்தால் மற்றக் குழந்தைகளுக்குச் செய்வதை இவர்களுக்கும் செய்தார்கள். இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்டதை வைத்துக் கணக்கிடுவதில் பிழை நேரலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது, இடைநிலை இறப்பு வயதும் ஆயுள் எதிர்பார்ப்பும் ஒன்றல்ல என்பதும் சரிதான். ஆனால் அதே காலத்துக் கணக்கில் இன்னொரு செய்தி இருக்கிறது. 1997-இல் வெள்ளையரில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் இடைநிலை இறப்பு வயது 50; கறுப்பினத்தவரில் அது 25. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே குரோமோசோம். கணக்கிடும் முறையில் எத்தனை பிழை இருந்தாலும் பாதிக்குப் பாதி வித்தியாசத்தை அது விளக்கிவிடாது. யாருக்குச் சிகிச்சை எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன என்றே நான் வாசிக்கிறேன்.

சிகிச்சையை எட்டவிடாமல் வேண்டுமென்றே நிறுத்திய காலமும் உண்டு. 1982 ஏப்ரலில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் புளூமிங்டன் நகரில் டவுன் சிண்ட்ரோமோடு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அதன் உணவுக்குழாய் வயிற்றோடு சேராமல் மூச்சுக்குழாயோடு இணைந்திருந்தது. அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய குறை அது. பெற்றோர் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றார்கள், நீதிமன்றமும் தலையிடவில்லை. சில நாட்களில் குழந்தை இறந்தது. நாடே கொதித்தெழுந்து, 1984-இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தக் குழந்தையைக் கொன்றது கூடுதல் குரோமோசோம் என்று யாரும் சொல்ல முடியாது. நம் ஊரில் இத்தகைய முடிவுகள் நீதிமன்றம் வரை போவதில்லை. 'இந்தக் குழந்தைக்கு இவ்வளவு செலவு செய்து என்னம்மா ஆகப்போகிறது' என்று ஒரு பெரியவர் மெல்லிய குரலில் சொன்னாலே போதும், விஷயம் முடிந்துவிடுகிறது.

இதயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயத்தில் பிறவிக்குறை இருக்கிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே, வால்வுகளும் சேர்ந்து பிரியாமல், பெரிய திறப்பாக நிற்கும் குறை இவர்களிடம் அதிகம் காணப்படுவது. 'ஓட்டை' என்று நாம் பொதுவாகச் சொல்வது இதையும் சேர்த்துத்தான். இந்தக் குறை ஏமாற்றும் விதத்தைத் தாய்தந்தையர் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த சில நாட்களுக்கு நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் இயல்பாகவே அதிகம். இரு பக்கத்து அழுத்தமும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் ஓட்டை வழியே இரத்தம் வேகமாகப் பாய்வதில்லை. ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இரைச்சல் கேட்காமல் போகலாம், குழந்தையும் நன்றாக இருப்பதாகவே தெரியும். வாரங்கள் போகப் போக நுரையீரல் அழுத்தம் குறையும், இரத்தம் அந்தப் பக்கம் கொட்டத் தொடங்கும். குழந்தை பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், நாலு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தும், எடை ஏறாது. இதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த கட்டம் இன்னும் கொடியது. தாங்கமுடியாத அளவு இரத்தம் பாய்ந்து பாய்ந்து நுரையீரல் குழாய்கள் தடித்துப்போகும், அழுத்தம் மீண்டும் ஏறும். அதனால் பாய்ச்சல் குறைய, குழந்தை தேறிவிட்டதுபோல் தோன்றும். 'ஓட்டை தானாக அடைந்துவிட்டது' என்று வீட்டார் மகிழும் அந்த மாதங்களில்தான் அறுவைச் சிகிச்சைக்கான வாய்ப்பு மூடிக்கொண்டிருக்கிறது. பிறகு உதடு நீலம் பாயும்போது கொண்டுபோனால் ஓட்டையை அடைப்பதே ஆபத்து என்று மருத்துவர்கள் கைவிரிப்பார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இந்த மாற்றம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருகிறது. ஆகவேதான் இரைச்சல் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிறந்த உடனேயே எல்லோருக்கும் எக்கோ எடுக்க வேண்டும், பெரிய குறை என்றால் மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையே சரிசெய்துவிட வேண்டும் என்று குழந்தை மருத்துவம் சொல்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இதயக் குறைகளுக்கான அறுவைச் சிகிச்சைகள் இருக்கின்றன. பணத்துக்கு வழி இருக்கும்போது, கைநழுவுவது மாதக்கணக்கு.

தைராய்டு இதைவிட அமைதியாகக் கெடுக்கும் நோய். தைராய்டு சுரப்பு குறைந்தால் குழந்தை மந்தமாக இருக்கும், மலச்சிக்கல் வரும், தோல் வறளும், உயரம் குறையும், எடை போடும், கற்பது தாமதமாகும். இந்தப் பட்டியலைப் படிக்கும் எவரும் டவுன் சிண்ட்ரோமின் இயல்புகளைத்தான் வாசிக்கிறோம் என்று நினைப்பார்கள். அதனாலேயே நோய் தப்பித்துக்கொள்கிறது. பார்வையால் பிரித்தறிய முடியாதது என்பதால் இரத்தப் பரிசோதனையால்தான் பிரிக்க வேண்டும்: பிறந்தவுடன் ஒருமுறை, ஆறு மாதத்தில், ஒரு வயதில், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும். குரோம்பேட்டையில், சேலையூரில், பெருங்களத்தூரில் தெருவுக்குத் தெரு இருக்கும் பரிசோதனைக் கூடங்களில் பெரியவர்கள் சாதாரணமாகக் கொடுத்துவிட்டு வரும் அதே டி.எஸ்.எச். சோதனைதான். மாத்திரையும் காலையில் வெறும் வயிற்றில் பெரியவர்கள் போடும் அதே மலிவான மாத்திரை. ஒரு குடும்பத்தில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் தைராய்டு பார்த்திருப்பார்கள். அந்த வீட்டில் யாரைவிடவும் அதிக வாய்ப்புள்ள குழந்தைக்கு மட்டும் பார்க்காமல் இருக்க நேர்கிறது.

காதும் கண்ணும் அப்படியே. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்பதில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. பெரும்பாலும் அது செவிப்பறைக்குப் பின்னால் பிசின்போல் நீர் தேங்குவதால் வருவது. அதில் வலி இருக்காது, சீழ் வழியாது, குழந்தை அழாது. காதுத் துவாரமும் மிகக் குறுகியது, குறும்பி அடைத்திருக்கும். சாதாரண டார்ச்சு வெளிச்சத்தில் உள்ளே ஒன்றும் தெரியாது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் நுண்ணோக்கி வைத்துக் குறும்பியை எடுத்தால்தான் செவிப்பறையே கண்ணில் படும். கூப்பிட்டால் திரும்பாத குழந்தையைப் பிடிவாதக்காரன் என்கிறோம். நான்கு வயதிலும் சொற்கள் தெளிவாக வராவிட்டால் புத்தி அவ்வளவுதான் என்கிறோம். 'காக்கா' என்ற சொல்லின் ஓசை பஞ்சு வைத்து அடைத்ததுபோல் மங்கலாக விழும் காதுக்குள்ளிருந்து எந்தக் குழந்தையும் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்ல முடியாது. பிறந்தவுடன் செவிச் சோதனை, பிறகு சரியாகக் கேட்கிறது என்று உறுதிப்படும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை என்பது இதற்காகத்தான். கண்ணைப் பொறுத்தவரை, சிலருக்குப் பிறக்கும்போதே கண்புரை இருக்கும். அதை முதல் வாரங்களிலேயே பார்க்க வேண்டும். வளர்ந்த பிறகு கிட்டத்துப் பொருளைக் குவித்துப் பார்க்கும் திறன் இவர்களில் பலருக்குக் குறைவு. இருகுவியக் கண்ணாடி என்றால் நாற்பது வயதுக்கு மேல் என்று நினைக்கிறோம். பள்ளிக்குப் போகும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு அது உதவுகிறது என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எழுத்து மங்கலாகத் தெரியும் குழந்தை நோட்டைத் தள்ளிவிடுவது இயல்புதானே.

உறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாய் சிறிது, நாக்கு முன்தள்ளும், தசைகள் தளர்ந்தவை, டான்சில் வீங்கினால் தொண்டை அடைபடும். ஆகவே இவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உறக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கிறது. இரவில் காலை மடக்கி உட்கார்ந்தபடி முன்னால் கவிழ்ந்து தூங்கும் குழந்தை மூச்சுக்கு வழி தேடுகிறது. பகலில் அதே குழந்தை எரிச்சல்படும், வகுப்பில் தூங்கும், அடிக்கும். அந்தக் கோபத்துக்கு மருந்து எழுதப்படுவதுண்டு, மூச்சுக்கு எழுதப்படுவதில்லை. பெற்றோர் பார்த்துச் சொல்வதை மட்டும் நம்பி இதை முடிவுசெய்ய முடியாது என்பது ஆய்வில் தெளிவான செய்தி. குறட்டை இல்லாத குழந்தைக்கும் மூச்சு நிற்கலாம். நான்கு வயதுக்குள் ஒருமுறை உறக்கப் பரிசோதனை செய்யச் சொல்வது அதனால்தான். இந்தப் பட்டியலில் நம் புறநகரில் எளிதாகக் கிடைக்காதவற்றில் இதுவும் ஒன்று என்று ஒப்புக்கொள்கிறேன்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த குழந்தைகளில் பத்தில் ஒருவருக்குத் தற்காலிகமாக இரத்தப் புற்றுநோய் போன்ற ஒரு நிலை வந்து பெரும்பாலும் தானே மறையும். ஆனால் அவர்களைச் சில ஆண்டுகள் கவனித்துவர வேண்டும். சிறு பங்கினருக்கு உண்மையான இரத்தப் புற்றுநோய் வருகிறது. அதில் ஒரு வகை, மற்றக் குழந்தைகளைவிட இவர்களிடம் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. 'இந்தக் குழந்தைக்குக் கீமோ எதற்கு' என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்து எலும்பின் மேற்புற மூட்டு தளர்ந்திருக்கலாம். அறிகுறி இல்லாதவர்களுக்கு வாடிக்கையாக எக்ஸ்-ரே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நடந்துகொண்டிருந்த பிள்ளை தடுமாறத் தொடங்கினாலோ, கழுத்தைச் சாய்த்தே வைத்தாலோ, அடக்கப் பழகிய சிறுநீரை மறுபடி அடக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மேல்நாட்டு வழிகாட்டிகளில் கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத நோயைத் தேடச் சொல்லும் பகுதி உண்டு. அந்த நோய் வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் மிகக் குறைவு என்பதால், அறிகுறி இருந்தால் மட்டும் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. வெளியூர்ப் பட்டியலை அப்படியே படியெடுக்க வேண்டியதில்லை.

இனி ஆட்சேபங்கள். முதலாவது, சிறப்புக் கல்வியில் பணிபுரிபவர்களிடமிருந்து வருவது: இந்தக் குழந்தைகளுக்கு வேண்டியது பயிற்சி, ஏற்கனவே ஆஸ்பத்திரி வாசலில் தேய்ந்தவர்களை மறுபடி நோயாளி ஆக்காதீர்கள். இதை நான் மிகுந்த மரியாதையோடு எதிர்கொள்கிறேன், ஏனெனில் சென்னையில் இந்தக் குழந்தைகளுக்காக முதலில் எழுந்தவர்கள் பெற்றோரும் ஆசிரியர்களுமே. சுரேகா ராமச்சந்திரன் 1984-இல் தொடங்கிய முயற்சி இன்று இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பாக நிற்கிறது. தியாகராய நகரின் மதுரம் நாராயணன் மையம் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தாயையும் சேர்த்து உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்து வருகிறது. நம் பக்கத்திலேயே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. இவர்களின் உழைப்பு வீணாகக்கூடாது என்பதற்காகவே உடல்நலத்தைப் பற்றிப் பேசுகிறேன். கேட்காத காதுக்குப் பேச்சுப் பயிற்சியும், தைராய்டு வற்றிய உடம்புக்கு இயன்முறைப் பயிற்சியும் கொடுத்தால் பயிற்சியாளரும் தாயும்தான் சோர்ந்துபோவார்கள். மேலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மருத்துவக் கவனிப்பை உரிமை என்றே வைத்திருக்கிறது. ஒருவரின் காதையும் இதயத்தையும் மற்றவர்களுடையதைப் போலவே மதித்துச் சோதிப்பது அவரை நோயாளி ஆக்குவதாகாது.

இரண்டாவது, இதற்கு நேர் எதிரான ஆட்சேபம்: இவ்வளவு சோதனை எதற்கு, மூலத்தையே குணமாக்கும் மருந்து வந்துவிட்டதே என்பார்கள். மூளையைத் தூண்டும் மாத்திரைகள், வைட்டமின் கலவைகள், ஸ்டெம் செல் ஊசிகள் என்று விளம்பரங்கள் பெற்றோரின் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. டவுன் சிண்ட்ரோமில் அறிவாற்றலை உயர்த்தும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை. நகையை அடகு வைத்து ஊசி போடும் குடும்பத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு வேறு எதுவும் செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை, அதனால்தான் அங்கே போகிறார்கள். செய்யக்கூடியவற்றின் பட்டியல் கையில் இருந்தால் விற்பவனின் பேச்சு எடுபடாது.

மூன்றாவது ஆட்சேபம் கடினமானது. கர்ப்பத்திலேயே கண்டுபிடித்துவிடலாமே, பிறகு ஏன் இந்தக் கவலை? பதினொன்று முதல் பதினான்காம் வாரத்துக்குள் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும், அதற்கு மேல் தாயின் இரத்தத்தில் கருவின் மரபணுத் துணுக்கைப் பார்க்கும் புதிய சோதனையும் இன்று சென்னையில் கிடைக்கின்றன. இவை வாய்ப்பைச் சொல்பவை. உறுதிசெய்யப் பனிக்குட நீர் போன்ற சோதனை வேண்டும். எடுக்கும் முடிவு அந்தத் தம்பதியருடையது, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சோதனை அளிக்கும் டென்மார்க்கிலும் டவுன் சிண்ட்ரோமோடு குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நம்மிடையே ஏற்கனவே பிறந்து வாழ்பவர்களுக்கோ எந்தக் கர்ப்பகாலச் சோதனையும் பதிலாகாது. அதோடு, முடிவெடுக்கும் தம்பதியருக்கு மருத்துவர் கொடுக்கும் சித்திரம் எதைச் சார்ந்தது? இதயம் பழுதுபட்டு, காது கேளாமல், தைராய்டு வற்றி வளர்ந்த குழந்தையையே பார்த்துப் பழகியவர் அந்தச் சித்திரத்தைத்தான் கொடுப்பார். சிகிச்சை கிடைத்து வளர்ந்தவர்களைப் பார்த்தவரின் ஆலோசனை வேறாக இருக்கும்.

நான்காவது, அரசு மருத்துவமனையால் இது ஆகாது என்பது. கூட்டம், ஆள் பற்றாக்குறை, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்வது நடக்கிற காரியமா என்கிறார்கள். இந்த ஊரில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லக்கூடாது. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை 1928-இல் டாக்டர் சவ்ரிமுத்து தொடங்கினார். பல மாதங்கள் ஒரு நோயாளியை விடாமல் கவனிப்பது என்ற பழக்கம் இங்கே அப்போதே வேர்விட்டது. எச்.ஐ.வி. வந்த காலத்தில் மற்ற இடங்களில் தொடவே அஞ்சியவர்களை இதே மருத்துவமனை ஏற்றது. 2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்ட முதல் அரசு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. மாதந்தோறும் மாத்திரை, குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை, நோயாளியின் கையில் ஒரு புத்தகம், அதற்கு இணையாக மருத்துவமனையில் ஒரு பதிவேடு, தேதி தவறியவரைத் தேடிப்போகும் களப்பணியாளர். குணமாக்க முடியாத ஒரு நிலையோடு ஒருவரைப் பல பத்தாண்டுகள் நலமாக வாழவைக்கும் முறையை இந்த ஊர் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடத்திக் காட்டியிருக்கிறது. டவுன் சிண்ட்ரோமுக்கு வேண்டியதும் அதே புத்தகம், அதே பதிவேடு, அதே களப்பணியாளர்.

எண்ணிக்கையும் பயமுறுத்துவதாக இல்லை. 2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சியானது. மக்கள்தொகையைப் பத்து லட்சம் என்று வைத்து, ஆயிரம் பேருக்குப் பதின்மூன்று பிறப்பு என்ற தமிழக அளவில் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 13,000 பிறப்புகள். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் பதின்மூன்று குழந்தைகள். ஒரு மாநகராட்சி முழுவதற்கும் ஆண்டுக்குப் பதின்மூன்று பேரைப் பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருக்க ஒரு செவிலியர் போதும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறவிக் குறைகளின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமைப் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போகும் மருத்துவக் குழு இருக்கிறது. வீடுதேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருகிறது. அந்தப் பையில் தைராய்டு மாத்திரைக்கும் இடம் இருக்கும். இன்று ஒரு தாய் இதயத்துக்கு ஓரிடம், காதுக்கு வேறிடம், சான்றிதழுக்கு இன்னோரிடம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் ரயிலில் ஏறி இறங்குகிறாள். ஒவ்வோர் அறையிலும் முதலிலிருந்து கதை சொல்கிறாள். எக்கோவும் அறுவைச் சிகிச்சையும் உறக்கப் பரிசோதனையும் தவிர மீதி எல்லாம் தாம்பரத்திலேயே ஒரே காலைப்பொழுதில், மாதத்தில் ஒரு குறித்த நாளில் முடிக்கக்கூடியவை.

கடைசியாக, வளர்ந்தவர்கள். அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு பன்னிரண்டு வயதோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் அந்தப் பிள்ளை பொது மருத்துவ வரிசையில் நிற்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு இவர்களைப் பற்றிப் பழக்கம் குறைவு. முன்பு பன்னிரண்டுக்கு மேல் வாழ்ந்தவர்களே குறைவு, இன்று அறுபதைத் தொடுகிறார்கள். அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்துக்கான மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருப்பதால், நாற்பது வயதுக்குள் அந்தப் படிவு தொடங்கிவிடுகிறது, ஐம்பதுகளில் பலருக்கு மறதிநோயாக வெளிப்படுகிறது. இது சிகிச்சையால் நிறுத்த முடியாதது, மறைக்கவும் வேண்டாம். ஆனால் முப்பத்தைந்து வயதில் ஒருவர் பேசுவதைக் குறைத்து, வேலைக்குப் போக மறுத்து, மூலையில் உட்கார்ந்தால் உடனே மறதிநோய் என்று எழுதிவிடுவது மறுபடியும் அதே பழைய வழக்கம்தான். தைராய்டு வற்றியிருக்கலாம், கண்புரை வளர்ந்திருக்கலாம், காது முழுதாக அடைத்திருக்கலாம். தன்னைக் குளிப்பாட்டிச் சோறூட்டிய தாய் இறந்துபோய், அதைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் துக்கத்தில் இருக்கலாம். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிய பிறகே மறதிநோய் என்ற முடிவுக்கு வர வேண்டும். பெற்றோருக்குப் பின் யார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, யார் கையெழுத்திடுவது என்பதற்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க வழி வைத்திருக்கிறது. அதன் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. தாம்பரத்தில் நான் கேட்கும் பதிவேடு பன்னிரண்டாம் வயதில் மூடப்படாமல், அதே பெயரும் அதே எண்ணுமாகப் பொது மருத்துவப் பிரிவின் மேசைக்குப் போக வேண்டும். காப்பாளரின் பெயரை எழுத அதில் முதல் பக்கத்திலேயே ஓர் இடம் விட்டிருக்க வேண்டும்.